மணிக்கூண்டின் இருபத்துநாலு மணி நேரம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம் சரிதான். ஆள் நெட்டை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் நேரம் சொல்லிக்கொண்டிருப்பார். "பத்தரைக்கு மீட்டிங், இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு" என்று மேசை மேசையாக அறிவித்தபடி போவார். மீட்டிங் அறையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். தனியாக உட்கார்ந்து கதவை முறைத்துக்கொண்டிருப்பார்.

நான் அங்கே டெஸ்டர். அவர் எழுதும் புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவது என் பிழைப்பு. அது போதாதென்று எங்கள் இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வீடு. அவர் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. பகலெல்லாம் அவரோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் மாடிப்படியில் அவர் மனைவியோடு நின்று சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவேன். எனவே நான் அவரைப் பற்றிச் சொல்வதில் காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

பரீட்சை நடத்தும் வாரியங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில். யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஹால் என்று கணக்குப் போட்டு ஹால் டிக்கெட் அச்சடித்துக் கொடுப்போம். இதில் தேதி, நேரம் சம்பந்தப்பட்ட பகுதி முழுக்க மணிக்கூண்டின் கைவேலை. வேறு யாரையும் அதில் கைவைக்க விடமாட்டார். அது அவருடைய பூஜை அறை மாதிரி. நாங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அவருடைய தத்துவம் ஒன்றே ஒன்று. ஒரு நாள் என்றால் இருபத்துநாலு மணி நேரம். நாளைக்கு இதே நேரம் வேண்டுமா, இப்போதைய நேரத்தோடு இருபத்துநாலு மணி நேரத்தைக் கூட்டு. அடுத்த வாரமா, அதை ஏழு தடவை கூட்டு. "கணக்குக்கு உணர்ச்சி கிடையாது மேடம்" என்பார் என்னிடம். மாதக் கணக்கிலும் இதே பிடிவாதம்தான். ஜனவரி முப்பத்தொன்றோடு ஒரு மாதம் கூட்டினால் என்ன வரும் என்று ஒரு நாள் அவர் புரோகிராமைக் கேட்டுப் பார்த்தேன். மார்ச் மூன்று என்றது. பிப்ரவரி மாதத்தையே காணவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிப்ரவரிக்கு நாள் குறைச்சலா இருந்தா அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். குற்றவாளி பிப்ரவரி என்று தீர்ப்பாகிவிட்டது.

வெளியிலிருந்து புகார் வந்தாலும் இதே கதைதான். புகாரைப் படிப்பார், உதட்டைப் பிதுக்குவார், 'பயனர் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடுவார். அவர் கணக்கில் இந்த உலகத்தில் கவனக்குறைவு இல்லாத ஆள் ஒரே ஒருவர்தான்.

எங்கள் ஊரில் வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை நகர்த்துவார்கள். குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். மறுபடி குளிர் தொடங்கும்போது அதைப் பின்னால் இழுத்துவிடுவார்கள். இப்படி வெளிச்சத்தை மிச்சம் பிடிப்பதாக அரசாங்கம் சொல்கிறது. மிச்சம் பிடித்த வெளிச்சத்தை எந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், தள்ளுகிற அந்த நாளுக்கு இருபத்துமூன்று மணி நேரம்தான் என்பது. அன்றைக்கு மணிக்கூண்டின் இருபத்துநாலைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தள்ளிப்போய் விழும். சனிக்கிழமை காலை ஒன்பதோடு கூட்டினால் ஞாயிற்றுக்கிழமை பத்து என்று வரும்.

இதை நான் முன்பே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தேன். "வருஷத்துக்கு ஒரே ஒரு ராத்திரி. அந்த ராத்திரியைப் பாத்து எவன் பரீட்சை வைப்பான்?" என்று கேட்டு, என் புகாரையும் முடித்துவிட்டார். டெஸ்டருக்கே கவனக்குறைவு.

நர்ஸ் பரீட்சை வாரியம் அந்த ராத்திரியைப் பார்த்துத்தான் வைத்தது. முதல் தாள் சனிக்கிழமை, இரண்டாம் தாள் ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் பரீட்சையை எழுத இருந்தவர்களில் ஒருத்தி மணிக்கூண்டின் மனைவி. ஆஸ்பத்திரியில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது, நர்ஸ் கேட்டதை ஓடிப்போய் எடுத்து வருவது, இதுதான் வேலை. ஊசி போடத் தெரியும், ஆனால் போடக்கூடாது. எந்த மருந்து எதற்கென்று தெரியும், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது. அந்த வாயைத் திறப்பதற்காக மூன்று வருடம் படித்தாள். அவள் சமையலறையில் அலமாரிக் கதவுகளின் உள்பக்கம் முழுக்க மருந்துப் பெயர்கள் ஒட்டியிருக்கும். சர்க்கரை டப்பாவை எடுக்கக் கதவைத் திறந்தால் இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் கண்ணில் படும். துணி தேய்க்கும்போது பாடத்தைப் போனில் ஓடவிட்டுக் கேட்பாள். நானே இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து அவளைக் கேள்வி கேட்டிருக்கிறேன். என்னிடம் புத்தகம் இருக்கும், அவளிடம் பதில் இருக்கும்.

அவள் வார்டில் ஒரு நர்ஸ் வேலை காலியாக இருந்தது. பாஸ் பண்ணிவிட்டு வா, இந்தக் கோடை முடியும்வரை வேறு யாரையும் போடமாட்டேன் என்று தலைமை நர்ஸ் சொல்லியிருந்தார். பரீட்சை வருடத்துக்கு ஒரு தடவைதான். இந்தத் தடவை விட்டால் அந்த வேலையும் போகும், மூன்று வருட உழைப்பு மறுபடி அலமாரிக் கதவுக்குள் போய்விடும்.

மணிக்கூண்டு உதவி செய்யாமலில்லை. அவளுக்கு வண்ண வண்ணமாக ஒரு படிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தார். அதில் மூச்சுவிடக்கூட நேரம் ஒதுக்கவில்லை என்று அவள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஹால் டிக்கெட் வந்த அன்று நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தவள் சமையலறையிலிருந்தே கூப்பிட்டிருக்கிறாள்.

"என்னங்க, சனிக்கிழமை ஒம்பதுன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் பத்துன்னு இருக்கு. வாரியத்தோட விதிமுறையில ரெண்டு நாளும் ஒம்பதுன்னுல்ல போட்டிருக்கு?"

"விதிமுறை யாரு போட்டது? வாரியத்துல எவனோ ஒருத்தன். ஹால் டிக்கெட் யாரு போட்டது?"

"நீங்க."

"அப்புறம் என்ன?"

"எதுக்கும் வாரியத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடட்டுமா?"

"என் வீட்டுலேர்ந்தே போன் போயி, என் டிக்கெட் சரியான்னு கேக்குறதா? ஆபீஸ்ல சிரிப்பாச் சிரிச்சிடுவாங்க. பத்துன்னா பத்து. பேசாம ஒரு மணி நேரம் கூடத் தூங்கு. அன்னிக்கு ராத்திரி கடிகாரம் வேற முன்னாடி போகுது, தூக்கம் கெட்டுடும்."

கவனியுங்கள். கடிகாரம் முன்னால் போகிறது என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அது மட்டுமா, சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நாற்காலி போட்டு ஏறி வீட்டிலிருந்த கடிகாரத்தையெல்லாம் தள்ளி வைத்தார். கூடத்துக் கடிகாரம், படுக்கையறை அலாரம், அடுப்பில் மினுக்குகிற கடிகாரம், காரில் இருப்பது வரை ஒன்றையும் விடவில்லை. அவர் வீட்டு அடுப்புக்குத் தெரிந்த விஷயம் அவர் புரோகிராமுக்குத் தெரியவில்லை.

அவள் போன் பண்ணவில்லை. கட்டின புருஷன், அதுவும் டிக்கெட்டைத் தயாரித்தவர், அடித்துச் சொல்கிறார். இதற்குமேல் யாரைக் கேட்பது?

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு இருக்கிற பயம் எந்தக் கம்ப்யூட்டருக்கும் வராது. டிக்கெட்டில் ஒன்று, விதிமுறையில் ஒன்று என்றதும், எதற்கு வம்பு என்று அத்தனை பேரும் விடிந்ததும் விடியாததுமாக ஹால் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். எங்கள் கம்பெனியின் டிக்கெட்டை முழுசாக நம்பி வந்தவள் அந்த ஊரிலேயே ஒருத்திதான். அவள் அதைத் தயாரித்தவரின் மனைவி.

அவர்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. சீக்கிரமே வந்துவிட்டோம் என்று மணிக்கூண்டு காரை நிதானமாக நிழல் பார்த்து நிறுத்தினார். ஹால் கதவு சாத்தியிருந்தது. வாசலில் காவலாளி மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள எல்லாரும் எழுத ஆரம்பிச்சாச்சும்மா" என்றார் காவலாளி. "ஒம்பதுக்குக் கதவைச் சாத்தணும்னு உத்தரவு."

அவள் டிக்கெட்டை நீட்டினாள். காவலாளி அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஆமா, பத்துன்னுதான் போட்டிருக்கு. சிஸ்டம் தப்பாப் போட்டிருக்கும்போல. இருங்க, உள்ள பெரியவங்களைக் கேட்டுப் பாக்குறேன்."

அந்த மனிதர் திரும்பி ஒரு எட்டு வைத்ததும் மணிக்கூண்டு பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னீங்க? சிஸ்டம் தப்பா? எதை வச்சுச் சொல்றீங்க?"

"இல்ல சார், ஒம்பதுக்கு ஆரம்பிச்சுட்டாங்க, இதுல பத்துன்னு இருக்கே..."

"அப்ப ஆரம்பிச்சவங்க தப்பு! சிஸ்டம் எப்படித் தப்பாகும்? அது எப்படிக் கணக்குப் போடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று அவர் தலையாட்டினார். உடனே மணிக்கூண்டு விளக்க ஆரம்பித்துவிட்டார். உள்ளே மனைவியின் இருக்கை காலியாகக் கிடக்கிறது, கேள்வித்தாள் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது, இவர் வாசலில் நின்று காவலாளிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். என்னங்க, அவரை உள்ள போக விடுங்க என்று அவள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "இரு, இது கொள்கை விஷயம்" என்றாராம். கடைசியில் காவலாளி உள்ளே போய்த் திரும்பி வந்தபோது, இவ்வளவு நேரம் தாண்டிவிட்டால் விதிப்படி யாரையும் விடமுடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் கேட்டிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ.

அன்று மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. கையிலிருந்த ஹால் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கம்பெனிக்கு ஒரு புகார் எழுது, டிக்கெட்டில் நேரம் தவறு என்று அவர்கள் ஒத்துக்கொண்டால் வாரியம் மறுபடி எழுதவிடும், அதுதான் விதி என்று சொன்னேன். என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். புலம்பாமல், திட்டாமல், நடந்ததை நடந்தபடி எழுதினாள்.

தேதி, நேரம் பற்றிய புகாரெல்லாம் தானாகவே மணிக்கூண்டின் மேசைக்குப் போகும். திங்கட்கிழமை அதுவும் போனது. இது என் மனைவியின் புகார், வேறு யாராவது பாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. பயனர் கவனக்குறைவு.

நான் நேராக அவர் மேசைக்குப் போனேன். "சார், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. இது யாரோட கவனக்குறைவு?"

"உணர்ச்சிவசப்படாதீங்க மேடம். சனிக்கிழமை ஒம்பதுலேர்ந்து இருபத்துநாலு மணி நேரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை மணி என்ன? பத்து. என் கணக்கு சரி. வேணும்னா கவர்ன்மென்ட்டைக் கேளுங்க, ஒரு மணி நேரத்தை எங்க ஒளிச்சு வச்சாங்கன்னு."

"அவ மூணு வருஷம் படிச்சிருக்கா."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப ஒத்துக்கிட்டா என்ன ஆகும் தெரியுமா? இதுவரைக்கும் போட்ட டிக்கெட்டையெல்லாம் நோண்டுவாங்க. என் பேரு என்ன ஆகுறது?"

மேனேஜரிடம் போனேன். அவர் இன்னும் மோசம். வாரியத்தோடு ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயமாம். "மத்தவங்க எல்லாம் நேரத்துக்குத்தான வந்திருக்காங்க? ஒருத்தர் வரலைன்னா அது நம்ம தப்பா?" என்று கேட்டுவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று பேச்சை மாற்றினார்.

மணிக்கூண்டிடம் ஒரு நல்ல குணம் உண்டு, எதையும் மறைக்கமாட்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போதே மனைவியிடம் விவரமாகச் சொல்லிவிட்டார். புகாரை முடித்துவிட்டேன், வேறு வழியில்லை, அடுத்த வருஷம் எழுதலாம், இன்னும் நல்ல அட்டவணையாகப் போட்டுத் தருகிறேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வாரியத்துக்கே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தாள்.

வாரியம் விசாரணைக்கு நாள் குறித்தது. கம்பெனி சார்பில் யாராவது வந்து விளக்கம் தர வேண்டும். தேதி, நேரம் என்றால் மணிக்கூண்டுதானே? அவரையே அனுப்பினார் மேனேஜர். ஒருவர் போவதைவிட இருவர் போனால் உண்மை மாதிரி இருக்கும் என்று என்னையும் கூட அனுப்பினார். மனைவி நேரத்துக்கு வரவில்லை என்று புருஷன் வாதாடப் போகிறார்! இதில் என்ன வேடிக்கை என்றால், இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே காரில்தான் புறப்பட்டார்கள். "தனித்தனியாப் போனா பெட்ரோல் தண்டம்" என்றாராம். நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். இறங்கும்போது அவள் அவரிடம் சொன்னாள்.

"என்னங்க, கம்ப்யூட்டர் தப்புன்னு நீங்க சொல்ல வேணாம். உங்க வேலைக்கு ஆபத்துன்னா வேணாம். நான் உங்களைக் கேட்டேன், நீங்க பத்துன்னு சொன்னீங்க. அதை மட்டும் சொன்னாப் போதும்."

"பாத்துக்கலாம் வா" என்றார் அவர்.

விசாரணை அறை நீளமாக, மங்கலாக இருந்தது. நடுவில் பெரிய மேசை, மேல்வார்னிஷ் உரிந்து கிடந்தது. சுவரில் ஒரு கடிகாரம், இன்னும் குளிர்காலத்து நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. உயரம் எட்டவில்லை போலிருக்கிறது, அப்படியே விட்டிருந்தார்கள். மணிக்கூண்டு உட்கார்ந்ததும் அதைப் பார்த்து முகம் சுளித்தார். தன் கைக்கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். விசாரணை அதிகாரி ஓய்வுபெறும் வயதுப் பெண்மணி. காகிதங்களைப் புரட்டியபடியே கேட்டார்.

"கம்பெனி சார்பா நீங்கதானா?"

"ஆமாங்க."

"முகவரி ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கே. இந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

"மனைவிங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் பார்த்தார். "வீட்டுலயே பேசித் தீத்திருக்கக் கூடாதா?"

"பேசினோம் மேடம்" என்றாள் அவள்.

அதிகாரி அவளைத்தான் முதலில் விசாரித்தார். விதிமுறையில் ஒன்பது, டிக்கெட்டில் பத்து, சந்தேகம் வரவில்லையா என்று கேட்டார்.

"வந்துச்சு மேடம். கேட்டேன். பத்துதான், நம்பிப் போன்னு சொன்னாங்க."

"யாரு?"

"டிக்கெட் கணக்குப் போட்டவரே சொன்னாரு. எதிர்ல உக்காந்திருக்காரு."

அதிகாரி இவர் பக்கம் திரும்பினார். "சொன்னீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். யாருடைய தலையும் போயிருக்காது. கம்பெனியின் பெயர்கூடக் கெட்டிருக்காது, வீட்டில் ஒரு கணவன் தவறாகச் சொல்லிவிட்டான் என்று முடிந்திருக்கும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து விறைத்தது. மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரென்று தெரியாத ஒருவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"சரி, அது இருக்கட்டும்" என்றார் அதிகாரி. "உங்க கணக்குல தப்பு இருக்கா, இல்லையா?"

இதற்குத்தான் மணிக்கூண்டு காத்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லங்க. சனிக்கிழமை ஒம்பதோட இருபத்துநாலு மணி நேரம் கூட்டினா, அன்னிக்குக் கடிகாரம் தள்ளினதால பத்துன்னுதான் வரும். கணக்கு நூத்துக்கு நூறு சரி."

"அப்ப டிக்கெட்ல பத்துன்னு இருந்தது சரி?"

"நிச்சயமா சரிங்க."

"இந்தம்மா பத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்கன்னு காவலாளி எழுதிக் கொடுத்திருக்காரே. அப்ப இவங்க எப்படிங்க லேட்டு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"உங்க டிக்கெட் சரின்னா இவங்க நேரத்துக்கு வந்திருக்காங்க. இவங்க லேட்டுன்னா உங்க டிக்கெட் தப்பு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, சாயங்காலம் எனக்கு வேற வேலை இருக்கு."

மனைவியா கணக்கா என்று கேட்டபோது ஞாபகம் இல்லாமல் போனவருக்கு, கம்பெனியா கணக்கா என்றதும் பளிச்சென்று வந்துவிட்டது. "டிக்கெட் சரிதாங்க" என்றார். அதோடு முடிந்தது. வாரியத்தின் பெயர் போட்ட டிக்கெட்டை நம்பி வந்தவர் நஷ்டப்படக் கூடாது, இரண்டாம் தாளை இரண்டு மாதத்துக்குள் மறுபடி எழுதலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி.

வெளியே வந்ததும் மணிக்கூண்டு பூரித்துப்போனார். நடைக்கூடத்தில் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "பாத்தியா? கணக்கு சரின்னு நான் அழுத்திச் சொன்னதாலதான் உனக்கு ஜெயிச்சுது. ஒருத்தரையும் விட்டுக்கொடுக்காம முடிச்சிட்டேன் பாரு!" என்றார். அந்த நிமிடம் என் கையில் இருந்த ஃபைலால் அவர் மண்டையில் ஒன்று போட்டிருக்க வேண்டும். படித்த படிப்பு தடுத்துவிட்டது.

"நீங்க கார்ல போங்க" என்றாள் அவள், என் பக்கம் வந்து நின்று. "நான் அக்காகூட பஸ்ல வரேன்."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"பரீட்சைக்குப் போக முடியாதப்பகூட எனக்கு இப்படி இல்லக்கா. தப்பு யாருக்கும் வரும். எங்க கல்யாணத்துக்கு யாரு யாரு எத்தனை நிமிஷம் லேட்டா வந்தாங்கன்னு இன்னிக்கும் சொல்லுவாரு. அவருக்கு இது ஞாபகம் இல்லையாம்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

மறுநாள் அலுவலகத்தில் ஓர் அதிசயம் நடந்தது. தேதிப் பகுதியில் ஒரு மாற்றம் என்று என் மேசைக்கு வந்தது. இனிமேல் அடுத்த நாள் என்றால் இருபத்துநாலு மணி நேரத்தைக் கூட்டாது, அடுத்த தேதியில் அதே மணி என்று எடுத்துக்கொள்ளும். நான் முதலில் சொன்ன அதே திருத்தம். அதன்மேல் மணிக்கூண்டு எழுதியிருந்த குறிப்பு, 'சிறு மேம்பாடு'. நான் டெஸ்ட் பண்ணினேன். சரியாக இருந்தது. சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் சண்டை இல்லை. சத்தம் போட்டிருந்தால் மேல்மாடியில் எனக்குக் கேட்டிருக்குமே. எது சொன்னாலும் சரிங்க என்றாள். புது அட்டவணை போட்டுக் கொடுத்தார், வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் எதையும் அவரைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். மழை வருமா, பஸ் எப்போது, சாவி எங்கே, ஒன்றும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது போலிருக்கிறது. போகப் போக, கேட்காத கேள்விக்கெல்லாம் அவராகவே பதில் சொல்ல ஆரம்பித்தார். அவள் அதையும் கேட்டுக்கொண்டாள்.

மறுபரீட்சை ஒரு வேலைநாளில் வந்தது. அந்த மாதத்தில் யாரும் எந்தக் கடிகாரத்தையும் நகர்த்தவில்லை. அவள் முந்தின நாளே ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் சொந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது. திறந்தால் மணிக்கூண்டு. சட்டை தேய்த்துப் போட்டு, தலையை வாரி, கையில் கார் சாவியோடு நின்றார். கழுத்து மட்டும் வழக்கம்போல இல்லை.

"மேடம், ஒரு சின்ன விஷயம். பரீட்சை எத்தனை மணிக்குன்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"ஏன் சார், உங்க சிஸ்டத்துலயே இருக்குமே. பாக்கலாமே?"

"பாத்தேன். ஒம்பதுன்னு போட்டிருக்கு."

"அப்புறம் என்ன?"

சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "இல்ல... அது சரியா இருக்குமான்னு..."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்க நான் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

"சரிதான் சார். ஒம்பதுதான்" என்றேன். "ஆனா அவ உங்களை வரச் சொல்லல."

"தெரியும்" என்றார். படி இறங்கப் போனவர் நின்றார். "சும்மா, தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான் கேட்டேன்."